76 மணி நேரமும் ஒரே ஒரு கட்டிலும்: நியூ ஜெர்சியில் ஒரு ஹோம் ஹெல்த் எய்ட் பயிற்சி

நியூ ஜெர்சியின் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் நான் பணம் கட்டிச் சேர்ந்து படித்து முடித்த ஹோம் ஹெல்த் எய்ட் பயிற்சியைப் பற்றி, இத்தகைய வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன். பாடத்திட்டத்தின் எலும்புக்கூட்டை மாநில நர்சிங் வாரியமே வகுத்திருப்பதால், நான் சொல்வதில் பெரும்பகுதி சுற்றுவட்டாரத்தில் உள்ள மற்றப் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

ஊரில் நாம் 'வீட்டோடு பார்த்துக்கொள்ள ஒரு ஆள்' என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான் இது. அங்கே அதற்குப் பயிற்சி பெற்றவரைத் தேடுகிறவர்கள் குறைவு. இங்கே சான்றிதழ் இல்லாமல் எந்த ஏஜென்சியும் அந்தப் பொறுப்பில் ஒருவரை அனுப்ப முடியாது. எனக்கு வயது 53. இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலை போன அதே ஆண்டில், எங்களுடன் வந்து தங்கியிருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு சில வாரங்களுக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கி, மூச்சு வாங்கி, அப்பாவையும் வலியில் முனக வைத்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்த காரியத்தை, எங்கள் இருவரையும்விட உருவத்தில் சிறியவரான அவர் தனியாகச் செய்தார். அப்பாவின் இடுப்பில் ஒரு துணிப்பட்டையைக் கட்டினார், காதருகே குனிந்து மூன்று வரை எண்ணினார், அப்பா எழுந்து நின்றுவிட்டார். அன்று இரவே வகுப்புகளைத் தேடத் தொடங்கினேன்.

அமெரிக்க மத்திய அரசின் விதிப்படி, மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் பணிபுரியும் எய்டுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 16 மணி நேர வகுப்பு முடிந்த பிறகே, நர்ஸின் கண்காணிப்பில் நடக்கும் 16 மணி நேரச் செய்முறை தொடங்கலாம். நியூ ஜெர்சியில் மொத்தம் 76 மணி நேரம், அதாவது வகுப்பறையில் 60, செய்முறையில் 16. கலிபோர்னியா 120 மணி நேரம் கேட்கிறது. 2008-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் நாடு முழுவதற்கும் குறைந்தது 120 மணி நேரம் தேவை என்றுதான் பரிந்துரைத்தது. ஆனால் மத்திய அரசின் எண் இன்றுவரை 75-ஐத் தாண்டவில்லை. இந்த எண்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் பின்னால் சொல்லவிருக்கும் குறைகளில் பாதி இந்தக் குறுகிய காலத்திலிருந்தே பிறக்கின்றன என்பதுதான்.

என் வகுப்பு திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை நடந்தது. நான்கு வாரமும் மூன்று நாளும் ஆயின. கட்டணம் 600 டாலர். புத்தகம், சீருடை, விரல்ரேகைப் பரிசோதனை, வாரியத்துக்கான விண்ணப்பம் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருந்தது என்பதை, சேர்ந்த பிறகே விளக்கமாகச் சொன்னார்கள். பதினான்கு பேர் இருந்தோம். ஹைட்டி, கானா, டொமினிகன் குடியரசு, பிலிப்பைன்ஸ், குஜராத் என்று பல ஊர்க்காரர்கள். ஆண்கள் இருவர் மட்டுமே. தமிழன் நான் ஒருவன்.

பள்ளியின் மிகப் பெரிய பலம் ஆசிரியைதான். ஜமைக்காவில் பிறந்து, இங்கே முப்பது ஆண்டுகளாகப் பதிவு பெற்ற நர்ஸாகப் பணியாற்றியவர். முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறக்காமலேயே எங்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் கண்ணைக் கட்டி, மற்றவரை ஆப்பிள் கூழ் ஊட்டச் சொன்னார். எனக்கு ஊட்டிய கானா நாட்டுப் பெண் நல்ல மனம் கொண்டவர்தான். ஆனால் அடுத்த கரண்டி எப்போது வரும் என்று தெரியாமல் வாயைத் திறந்து காத்திருப்பதும், விழுங்கி முடிப்பதற்குள் உதட்டில் இன்னொரு கரண்டி வந்து இடிப்பதும் எப்படியிருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பாவுக்கு நான் மூன்று மாதங்களாக நின்றுகொண்டே ஊட்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து, நோயாளியின் கண்மட்டத்துக்கு வந்து, தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லி, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கவளத்தை எடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி ஊட்ட வேண்டும். உண்டு முடித்த பின் அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது. இந்த விதிகளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் கண்ணைக் கட்டாமல் சொல்லியிருந்தால் நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதோடு மறந்திருப்பேன்.

படுக்கையிலேயே உடம்பைத் துடைத்துவிடும் பாடத்துக்கு இரண்டு மாலைகள் ஒதுக்கினார்கள், அது சரியான முடிவு. தண்ணீர் 105 முதல் 110 பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். நம் கைக்குப் பதமாக இருந்தால் போதாது, நோயாளியும் தொட்டுப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். கண்ணை மூக்குப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சோப்பு இல்லாமல், ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலையால் துடைக்க வேண்டும். பிறகு கை, மார்பு, கால், முதுகு என்று போகும்போது எந்தப் பகுதியைத் துடைக்கிறோமோ அதை மட்டுமே திறந்து, துடைத்து உலர்த்தி, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சேலையையோ வேட்டியையோ விலக்காமல் ஆற்றங்கரையில் குளித்து உடை மாற்றிய தலைமுறையைச் சேர்ந்தவர் என் அப்பா. அவரை நான் குளியலறையில் முழுவதுமாகத் திறந்து உட்கார வைத்து, நேரமாகிறதே என்ற அவசரத்தில் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தேன்; அவர் ஏன் ஒவ்வொரு நாளும் குளிக்க மறுத்து முரண்டு பிடித்தார் என்பதற்கு மறதியையும் நோயையும் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய துண்டைப் போர்த்தியபடி குளிப்பாட்டத் தொடங்கிய பிறகு அந்த முரண்டு பெரும்பாலும் நின்றுபோனது.

ஆளை இடம் மாற்றும் பாடம்தான் நான் காத்திருந்த பாடம். அந்தத் துணிப்பட்டைக்குக் கெய்ட் பெல்ட் என்று பெயர். அதை உடையின் மேல், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவு இடம் விட்டுக் கட்ட வேண்டும். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது, பக்கவாதம் வந்த தோள்மூட்டு அதில் எளிதில் நழுவிவிடும். சக்கர நாற்காலியை நோயாளியின் பலமுள்ள பக்கத்தில் வைத்து, பிரேக்குகளைப் பூட்டி, கால்தாங்கிகளை விலக்கிவிட்டு, நம் முழங்காலை மடக்கி, அவரையே முன்னால் சாய்ந்து எழச் செய்ய வேண்டும். பட்டை தூக்குவதற்கன்று, விழாமல் பிடிப்பதற்கே என்று ஆசிரியை பலமுறை சொன்னார். நானும் மனைவியும் முதுகு வலியோடு செய்துகொண்டிருந்தது முழுக்க முழுக்கத் தவறான வேலை. உடை மாற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு: போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். 'போடும்போது நோவு முதல், கழற்றும்போது நோவு கடைசி' என்று நானே ஒரு வரியைக் கட்டி மனப்பாடம் செய்துகொண்டேன். தேர்வில் அது கைகொடுத்தது.

ஆனால் தேர்வுக்கு முந்தைய ஒத்திகையில் நான் தோற்றதும் உடை மாற்றுவதில்தான். வகுப்புத் தோழர் ஒருவர் வலக்கை செயலிழந்தவராக நடித்தார். சட்டையைச் சரியான வரிசையில் போட்டுவிட்டு, பொத்தான்களை நானே மளமளவென்று மாட்டி முடித்தேன். ஆசிரியை என் தாளில் அந்த இடத்தைச் சுழித்துவிட்டு, இடக்கையால் அவர் தாமே மாட்டியிருக்கக்கூடிய பொத்தான்களை ஏன் பறித்துக்கொண்டாய் என்று கேட்டார். பராமரிப்புத் திட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் நேராக, நோயாளி தாமே செய்வாரா, உதவியுடன் செய்வாரா, முழுவதும் நாம் செய்ய வேண்டுமா என்று எழுதியிருப்பார்கள். உதவி என்று எழுதிய இடத்தில் முழுவதையும் நாம் செய்துவிட்டால் அது வேலையில் குறை. பெற்றோரைக் கையசைக்க விடாமல் தாங்குவதே பிள்ளைக்கு அழகு என்று நம் வீடுகளில் வளர்ந்த எனக்கு இது எளிதில் இறங்கவில்லை. அப்பாவின் இடக்கை மூன்று மாதங்களில் ஏன் அத்தனை தளர்ந்திருந்தது என்று அன்றிரவு எனக்கு விளங்கியது: அதற்கு நாங்கள் எந்த வேலையும் வைக்கவில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே 600 டாலர் கட்டலாம் என்பது என் கருத்து. முதல் நாள் அப்பா ஆறு பொத்தான்களை மாட்ட இருபது நிமிடம் ஆனது. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் சிரமமாக இருந்தது.

படுக்கைப்புண்ணைப் பற்றிய வகுப்பும் சிறப்பாக இருந்தது. படுத்த நிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவது, வாலெலும்பு, குதிகால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களை அன்றாடம் பார்ப்பது, அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காத சிவப்பைக் கண்டால் உடனே நர்ஸுக்குத் தெரிவிப்பது, அந்தச் சிவப்பின் மேல் தேய்த்துவிடாமல் இருப்பது ஆகியவற்றைச் சொன்னார்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுத்தான் அறிய வேண்டும் என்பதைப் புத்தகம் ஒரே வரியில் முடித்திருந்தது. ஆசிரியை தம் கையையே நீட்டிக் காட்டி விளக்கினார். நாடி, சுவாசம், வெப்பநிலை பார்ப்பது, இருபது நொடி கைகழுவுவது, தீயணைப்பு, வீட்டைத் தூய்மையாக வைப்பது போன்றவை வழக்கமான பாடங்கள், ஒழுங்காகவே நடந்தன.

இனிக் குறைகள். செய்முறைக் கூடத்தில் மருத்துவமனைக் கட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 16 மணி நேரத்தைப் பதினான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வருகிறது. மீதி நேரமெல்லாம் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தோம். ஆளைத் தூக்கும் எந்திரம் ஒன்று மூலையில் இருந்தது, அதன் பேட்டரி வேலை செய்யவில்லை; படம் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். உண்மையான நோயாளி ஒருவரையும் நாங்கள் தொடவில்லை. செய்முறையை ஆய்வுக்கூடம் போன்ற இடத்தில் நடத்திக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்பதால் பள்ளி விதியை மீறியதாகச் சொல்ல முடியாது. ஆனால் பொம்மை முரண்டு பிடிக்காது, வலிக்கிறது என்று கத்தாது, வெட்கப்படாது. மறதி நோய் உள்ளவர்களைக் கையாள்வதற்கு ஒரே மாலையில் மூன்று மணி நேரம், அதிலும் பாதி காணொளி. வேலைக்குப் போனால் சந்திக்கப்போகிறவர்களில் எத்தனை பேர் அந்நோய் உள்ளவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் இது மிகவும் போதாது.

உணவுப் பாடம் முழுவதும் ரொட்டி, பால்கட்டி, கோழி இறைச்சி ஆகியவற்றையே சுற்றிவந்தது. நீரிழிவு உள்ள மரக்கறி உண்பவர் மூன்று வேளையும் அரிசி கேட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, தமக்குத் தெரியாது, நாளை நீயும் குஜராத்திப் பெண்மணியும் வந்து எங்களுக்குச் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. மறுநாள் இட்லிக்கும் டோக்ளாவுக்கும் நடந்த அந்த அரை மணி நேரம் பாடத்திட்டத்தில் இல்லாதது. நர்ஸும் ஹைட்டிக்காரர்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

எய்ட் என்னென்ன செய்யக் கூடாது என்பதை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, வேலைக்கு அழைக்கிறவர்களும். நர்ஸ் எழுதிக்கொடுத்த பராமரிப்புத் திட்டத்தில் உள்ளதைத்தான் அவர் செய்வார். எந்த மாத்திரையைத் தரலாம், எதை நிறுத்தலாம் என்று அவர் தாமாக முடிவு செய்யக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு நகம் வெட்டக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. நோயாளிக்குச் சமைப்பார், நோயாளியின் துணியைத் துவைப்பார். வீட்டில் உள்ள மற்ற ஐந்து பேருக்கும் சாம்பார் வைப்பது அவர் வேலையில் சேராது. ஒரு வீட்டில் கண்டதை இன்னொரு வீட்டில் சொல்வதும் குற்றம். கோவில் மண்டபத்தில் நம் மக்கள் எவ்வளவு அன்போடு விசாரித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

படிப்பு முடிந்து தேர்ச்சி பெற்றவுடன் சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. குற்றப்பின்னணிச் சோதனையும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். சான்றிதழ் கிடைத்த பிறகும் ஏஜென்சி ஒன்றின் கீழ், பதிவு பெற்ற நர்ஸின் மேற்பார்வையில்தான் அந்தப் பெயரில் பணிபுரியலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மெடிகேர் நிறுவனங்களில் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திலும் 12 மணி நேரத் தொடர்பயிற்சி உண்டு; தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமலிருந்தால் மறுபடி பயிற்சியோ திறன் தேர்வோ முடிக்க வேண்டும். இவற்றை எங்கள் பள்ளி கடைசி நாளில், எல்லோரும் புறப்படும் அவசரத்தில், ஒரு தாளாகக் கொடுத்துவிட்டது.

சம்பளத்தைப் பற்றியும் பள்ளியின் விளம்பரம் பூசி மெழுகுகிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம், 2024 மே மாத நிலவரப்படி இந்தத் தொழிலின் நடுநிலை ஆண்டு ஊதியம் 34,900 டாலர் என்கிறது. மென்பொருள் வேலையிலிருந்து வருகிறவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆசிரியை மட்டும் இதை மறைக்கவில்லை. தம் ஊர்க்காரரான ஈவ்லின் கோக் என்ற பெண்மணியின் வழக்கை எங்களுக்குச் சொன்னார். ஜமைக்காவிலிருந்து நியூயார்க் வந்து வீடுகளில் முதியோரைக் கவனித்து வந்த அவர், மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார்; 2007-இல் உச்ச நீதிமன்றம், ஏஜென்சிகள் அனுப்பும் இத்தகைய பணியாளர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் 2009-இல் இறந்துபோனார். தொழிலாளர் துறை 2013-இல் விதியை மாற்றி, அது 2015-இல் நடைமுறைக்கு வந்த பிறகே பெரும்பாலோருக்கு அந்த உரிமை கிடைத்தது; 2025 ஜூலையில் அதைத் திரும்பப் பெறுவதற்கான முன்மொழிவும் வெளியானது. வேலைக்குச் சேருமுன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்துக்குக் காசு உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னது, புத்தகத்தில் இல்லாத நல்ல அறிவுரை.

சொந்தப் பெற்றோரை மட்டும் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு இந்தச் சான்றிதழ் சட்டப்படி தேவையில்லை. பெற்றோர் மெடிகெய்டு என்னும், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவியைப் பெறுகிறவராக இருந்து தகுதியும் இருந்தால், பெர்சனல் பிரிஃபெரன்ஸ் புரோகிராம் என்ற மாநிலத் திட்டத்தின் வழியாக, சான்றிதழ் இல்லாத உறவினரையே சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். மெடிகேர் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க: நர்ஸோ உடலியக்கச் சிகிச்சையோ தேவைப்படும் காலத்தில், வீட்டை விட்டு வெளியே போக முடியாதவருக்கு, பகுதிநேரமாக மட்டுமே அது எய்டை அனுப்பும், சிகிச்சை முடிந்தால் எய்டும் நின்றுவிடுவார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

இருந்தும், பக்கவாதமோ மூட்டுத்தேய்வோ உள்ள பெற்றோரை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் சான்றிதழ் வேண்டாமென்றாலும் இந்த வகுப்பில் சேரலாம் என்பேன். தொழிலாகக் கொள்ள நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்து, செய்முறைக்கு நோயாளிகள் இருக்கும் இடத்துக்கே அழைத்துச் செல்லும் பள்ளியைத் தேடுவது நல்லது. எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை கட்டில், கட்டணத்துக்கு வெளியே இன்னும் என்னென்ன கட்ட வேண்டும். தொலைபேசியில் சொல்வதை நம்பாமல் நேரில் போய்ச் செய்முறைக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; ஆளைத் தூக்கும் எந்திரம் இருந்தால் அதை ஒருமுறை இயக்கிக் காட்டும்படியும் கேளுங்கள்.